கார் நிறுத்துமிடத்தில் ஒரு மரம்

சிட்னிக்கு மேற்கே ஒரு பழைய காடு இருந்தது. அதில் மிஞ்சியது நாற்பத்தோரு மரம். யூகலிப்டஸ். நம்ம ஊரில் தைல மரம் என்று திட்டுவோமே, அந்தச் சாதிதான். அங்கே அது அந்த மண்ணிலேயே பிறந்த மரம்.

கட்டடக் கம்பெனி வெட்ட வந்தது. செங்குட்டுவன் வழக்குப் போட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகனோடு இருக்க வந்தவர். அந்தக் காட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. அங்கே நாற்றங்கால் வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரி, அவரைவிட முப்பது வயது சின்னவள். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

கம்பெனி பேரம் பேசியது. வழக்கை வாபஸ் வாங்குங்கள், ஒரு மரத்தை விட்டுவிடுகிறோம், எதுவென்று நீங்களே காட்டுங்கள்.

"தோத்தா ஒண்ணுமே மிஞ்சாது டீச்சர்," என்றார்.

"ஜெயிச்சா?"

அவர் கையெழுத்துப் போட்டார். இருப்பதிலேயே பெரிய மரத்தைக் காட்டினார். மற்ற நாற்பதும் ஒரே வாரத்தில் போயின.

ரெண்டு வருஷம் கழித்து, அந்த மரத்தைச் சுற்றிக் கார் நிறுத்துமிடம் திறந்தார்கள். மரத்தடியில் அவர் பேர் போட்டுப் பலகை. விழாவுக்கு ஜெசிந்தா வரவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. நேரே அவள் நாற்றங்காலுக்குப் போய் நின்றார்.

"கோவமா டீச்சர்? மரத்தைக் காப்பாத்தினேனா இல்லையா?"

அவள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "அதோட விதை. போன வாரம் எடுத்தேன். முளைக்கப் போடுங்க அண்ணாச்சி, அப்புறம் பேசலாம்."

மூன்று தட்டு நிறையப் போட்டார். காலையும் மாலையும் பூவாளியும் கையுமாக நின்றார்.

"பேரனைக்கூட இப்படிப் பாக்கலியே மாமா," என்றாள் மருமகள்.

ஒரு மாதத்தில் நான்கு முளைத்தன. மூன்று வெளிறிச் செத்தன. நான்காவது கோணலாக, விரல் உயரம்கூட வராமல் நின்றது.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஜெசிந்தாவிடம் போனார். "சொத்தை விதையக் குடுத்துட்டீங்க."

"வேற விதை அதுகிட்ட இல்ல."

"முன்னாடி நீங்க போட்டப்போ அது விதை நல்லா முளைச்சுதே!"

"அப்போ பக்கத்துல நாப்பது மரம் நின்னுச்சு. வண்டும் குருவியும் அதுங்க மகரந்தத்தக் கொண்டுவந்துச்சு. இப்போ அது பூவுக்கு அதோட மகரந்தமேதான். ரொம்ப நெருங்கின சொந்தத்துல கட்டின மாதிரி, விதை சொத்தையாத்தான் வரும்."

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"இனி அந்த மரம் என்ன ஆகும் டீச்சர்?"

"ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. இன்னும் நூறு வருஷம் பூக்கும்."