எண்பத்தெட்டாம் பக்கம்

மாலை நான்கு மணிக்கு, கணினி காட்டிய நூற்றுப் பன்னிரண்டு பிழைச் செய்திகளைத் திருத்தி முடித்த களைப்போடு, அருமைநாயகம் ஜெபசீலி டீச்சரின் வீட்டுக்கு வந்தார்.

அவருக்கு வயது அறுபத்தாறு. டீச்சருக்கு முப்பத்தொன்பது. கணினியில் புத்தகப் பக்கங்களை அமைக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் டீச்சர்.

அவருடைய புகார் இது. சபையின் பாட்டுப் புத்தகத்தை அவர் மனைவி ரூபாவதி பதினான்கு வருடங்களுக்கு முன் கணினியில் அமைத்தார். எழுத்தளவு, இடைவெளி, பக்கம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ள ஒரு மேக்ரோ தொகுப்பை, அதாவது ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பை, பயன்படுத்தினார். இப்போது அந்தத் தொகுப்பின் புதிய பதிப்பு வந்துவிட்டது. ரூபாவதி எழுதிய கட்டளைகளில் பாதி அதற்குப் புரியவில்லை. அருமைநாயகம் ஒவ்வொன்றாக மாற்றினார். பிழைகள் போயின. பக்கங்கள் நகர்ந்துவிட்டன.

அந்தச் சபையில் பாட்டுக்கு எண் கிடையாது. பக்கத்தைச் சொல்லித்தான் பாடுவார்கள்.

ரூபாவதியின் முதல் நினைவு ஆராதனைக்கு ஒரு வாரம் இருந்தது. எண்பத்தெட்டாம் பக்கம் பாட வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். புத்தகம் இல்லாதவர்களுக்காகப் புதுப் பிரதிகள் அச்சுக்குப் போகவேண்டும்.

“எது சரி டீச்சர்? பழசா, புதுசா?”

டீச்சர் பழைய புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார். புதிய மாதிரித் தாள்களைத் தான் வைத்துக்கொண்டார்.

“எண்பத்தெட்டு. பாடுங்க அண்ணாச்சி.”

அவர் ரூபாவதியின் பாட்டைத் தொடங்கினார். டீச்சர் தன் தாளில் அந்தப் பக்கத்தில் இருந்த கல்யாணப் பாட்டைத் தொடங்கினார்.

இரண்டு அடி வரை தாக்குப்பிடித்தார்கள்.

“அவளுக்கு மறுபடி கல்யாணம் பண்ணி வைக்கீங்களே டீச்சர்” என்றார் அருமைநாயகம். சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டீச்சர் விளக்கினார். பழைய பதிப்பில் ஒரு குறை இருந்தது. தலைப்புக்குக் கீழே தேவைக்கு மேல் இடம் விடும். ரூபாவதி அதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் வேறு இடத்தில் குறைத்து ஈடுகட்டியிருந்தார். புதிய பதிப்பு குறையைச் சரிசெய்துவிட்டது. அதனால் அவர் ஈடுகட்டியதெல்லாம் இப்போது பக்கத்தைக் குலைத்தது.

ரூபாவதி எழுதிவைத்த, பிறகு யார் கையும் படாத கோப்பு இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார்.

இருந்தது. பென் டிரைவில். அழிக்க மனம் வரவில்லை என்றார் அருமைநாயகம்.

டீச்சர் அதைத் திறந்தார். பாட்டு எதையும் தொடவில்லை. முதல் வரியில், தொகுப்பின் பெயருக்குப் பக்கத்தில், பழைய பதிப்பின் எண்ணை மட்டும் சேர்த்தார். புதிய தொகுப்பு பழையதையும் தனக்குள் வைத்திருந்தது. எண்ணைச் சொல்லிக் கேட்டால் கொடுக்கும்.

பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை. பாட்டுகள் பழைய பக்கங்களுக்கே திரும்பியிருந்தன.

“அந்தக் குறையும் திரும்பி வருமே?”

“வரும்.”

“இருக்கட்டுமா?”

“அந்தக் குறையோடதான அண்ணாச்சி அக்கா பக்கம் பக்கமா அனுசரிச்சுப் போயிருக்காங்க.”

அருமைநாயகம் எண்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்தார். திரையில், தலைப்புக்குக் கீழே இருந்த வெற்றிடத்தின்மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

2022 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, நினைவு ஆராதனையில் எண்பத்தெட்டாம் பக்கம் அறிவிக்கப்பட்டது. பழைய புத்தகம் வைத்திருந்தவர்களும் புதியது வைத்திருந்தவர்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.