பச்சையா இருந்தா இறங்கலாம்

கருணாகரனுக்கு வயசு நாப்பத்தாறு. அவரோட பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு கைடா இருந்த ஹாஜிரா மேடத்துக்கு முப்பத்தஞ்சு. சிஷ்யனுக்குத் தலை நரைச்சிருந்துச்சு, குருவுக்கு நரைக்கல. லேபுல அத யாரும் பெருசா எடுத்துக்கல.

கருணாகரன் அஞ்சு வருஷம் பாடுபட்டு ஒரு பட்டை செஞ்சிருந்தாரு. விரல் நீளம். அதுமேல செமிகண்டக்டர் பொடி. ஒரு தலைமுடி அகலத்துல பத்தாயிரம் துகள வரிசையா நிறுத்தலாம், அவ்வளவு பொடிசு. ஊதா டார்ச் அடிச்சா பச்சையா மின்னும். சாக்கடை வாயு பட்டா மங்கிடும்.

மூக்க நம்ப முடியாதுன்னுதான் பட்டை. அந்த வாயு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை மாதிரி நாறும். அதிகமானா மூக்கு மரத்துப்போயி நாத்தமே தெரியாது.

பட்டைய எப்படிப் பாக்குறதுன்னு கத்துக்கிட்டு வரச்சொல்லி, சாக்கடை வேலை எடுத்திருந்த கான்ட்ராக்டர் ஒரு ஆள அனுப்பினாரு. பேரு எட்டியப்பன். இருபத்திரண்டு வருஷமா பாதாளச் சாக்கடையில அடைப்பு எடுக்கிறவரு. லேப் வாசல்ல செருப்பக் கழட்டினாரு.

"போட்டுட்டே வாங்கண்ணே, உள்ள கண்ணாடித் துண்டு கிடக்கும்" னாரு கருணாகரன்.

"நான் மிதிக்காத கண்ணாடியா சார்?"

"இத்தனை வருஷமா உள்ள காத்து எப்படியிருக்குன்னு எத வச்சுப் பாத்தீங்க?"

"கரப்பான வச்சுத்தான் சார். மூடியத் திறந்தா செவுத்துல கரப்பான் திமுதிமுன்னு ஓடணும். ஓடுச்சுன்னா இறங்கலாம். ஒண்ணையும் காணோம்னா மூடியப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவேன்."

"கான்ட்ராக்டர் திட்டமாட்டாரா?"

"திட்டுவாரு. என் ஆத்தா அப்பன் எல்லாரையும் இழுப்பாரு. திட்டு வாங்கி யாரும் செத்ததில்ல சார்."

கருணாகரன் சிரிச்சாரு. "அஞ்சு வருஷம் படிச்சு ஒரு கரப்பான் செஞ்சிருக்கேன்னு சொல்லுங்க."

"உங்க கரப்பான் அழகாயிருக்கு சார்."

கான்ட்ராக்டருக்குப் பட்டைகளோட ஒரு தாளும் போச்சு. 'பச்சையாக மின்னினால் இறங்கலாம்.' எழுதினது கருணாகரன். கீழ கையெழுத்து மேடத்தோடது.

நாலாவது வாரம் எட்டியப்பன் செத்துப்போனாரு.

கருணாகரன் அந்தத் தெருவுக்கே போயி, கூட வேலை பாத்தவங்களக் கேட்டாரு. அன்னிக்கு மூடியத் திறந்தப்ப கரப்பான் ஒண்ணு கூட இல்ல. பட்டையக் கயித்துல கட்டி உள்ள விட்டு டார்ச் அடிச்சிருக்காங்க. மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கு. எட்டியப்பன் வேணாம்னிருக்காரு. கான்ட்ராக்டர், "டார்ச்சுல பேட்டரி போச்சுடா" ன்னு சொல்லி இன்னொரு டார்ச் கொண்டாரச் சொல்லியிருக்காரு. ரெண்டு டார்ச்சையும் சேத்து அடிச்சதுல பட்டை பச்சையா மின்னியிருக்கு.

"பாருடா, நல்லாத்தான மின்னுது? காலேஜுல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. அவங்களவிட நீ பெரிய படிப்பாளியா? இறங்கு."

எட்டியப்பன் இறங்கிட்டாரு.

சட்டப்படி யாரும் அந்தக் குழிக்குள்ள இறங்கக் கூடாது. அதனால காகிதத்துல அவரு இறங்கல. கால் வழுக்கி விழுந்தாரு.

அப்புறம் இருபது நாள் கருணாகரன் லேபவிட்டு அசையல. இருபத்தோராம் நாள் புதுப் பட்டை ஒண்ணோட மேடம் ரூமுக்கு வந்தாரு.

"இதுல ரெண்டு பொடி மேடம். பச்சையோட சிவப்பும் சேத்திருக்கேன். வாயு பட்டா பச்சை மட்டும் மங்கும், சிவப்பு அப்படியே நிக்கும். பட்டையே சிவப்பாயிடும். பத்து டார்ச் அடிச்சாலும் சிவப்பு பச்சையாகாது. இனிமே யாரும் ஏமாத்த முடியாது."

மேடம் டார்ச் அடிச்சுப் பாத்தாங்க.

"நல்ல வேலை" ன்னாங்க.

"கையெழுத்து வேணும் மேடம். திங்கக்கிழமை இருநூறு பட்டை கேக்குறாங்க."

"யாரு?"

"அதே கான்ட்ராக்டர்தான்."

மேடம் எந்திரிச்சுப் பக்கத்துல இருந்த லேபுக்குப் போனாங்க. லேப் செவுத்துல ஒரு வாயு அலாரம் உண்டு. அதோட சோதனைப் பட்டன அமுக்கினாங்க. அலாரம் அலறுச்சு. அடுத்த நொடி கருணாகரன் வராண்டாவுல நின்னாரு, பட்டையும் கையுமா.

மேடம் அலாரத்த நிறுத்திட்டுக் கூப்பிட்டாங்க. மூச்சு வாங்க உள்ள வந்தாரு.

"ஏன் ஓடுனீங்க?"

"அலாரம் அடிச்சுதே மேடம்."

"யார்கிட்டயாவது கேட்டுட்டு ஓடுனீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? அடிச்சா ஓட வேண்டியதுதான்."

"நான் போகாதீங்கன்னு சொல்லியிருந்தா?"

"சொன்னாலும் ஓடியிருப்பேன் மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க."

"தப்பில்ல. அன்னிக்குத் தெருவுல பட்டைய யாரு பாத்துச் சொன்னது?"

"கான்ட்ராக்டர்."

"கரப்பான?"

"எட்டியப்பன்." கருணாகரன் பட்டைய மேஜைமேல வச்சாரு.

"அப்ப என் பட்டையில என்ன தப்பு மேடம்? அதச் சொல்லுங்க, திருத்திடறேன். போன தடவை டார்ச்சுல தப்பு வந்துச்சு. திருத்திட்டேன். கையெழுத்துப் போடுவீங்களா மாட்டீங்களா?"

"போன தடவை போட்டேனே. இப்பவும் போடறேன். தாளக் குடுங்க."

தாள வாங்கி, கையெழுத்துப் போடற இடத்துக்கு மேல ஒரு வரி எழுதினாங்க. பேனாவ மூடாம தாளோட சேத்து அவர்கிட்ட நீட்டினாங்க. கருணாகரன் படிச்சாரு.

'சிவப்பானால், இறங்கமாட்டேன் என்று சொல்பவர் பெயர்:'

"இந்த இடத்த நிரப்பிடுங்க. உடனே போட்டுடறேன்."

கருணாகரன் பேனாவ வாங்கினாரு. கான்ட்ராக்டர் பேர எழுதப் பாத்தாரு. இறங்குன்னு சொன்னதே அவருதான். தன் பேர எழுதலாமான்னு யோசிச்சாரு. தான் என்னிக்கு அந்தக் குழி ஓரத்துல நின்னோம்னும் யோசிச்சாரு.

"மாட்டேன்னு சொல்ற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான் மேடம்."

மேடம் கை நீட்டிப் பேனாவத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க.

"அவரத்தான் நாம பச்சையக் காட்டி இறக்கிட்டோமே."