சிவநேசனின் மார்க்கர்

பல்லடம் சாலையில் ஒரு தென்னந்தோப்பை வளைத்துப் பெயின்ட்பால் மைதானம் போட்டிருந்தார்கள். அங்கே ஆடக் கற்றுக்கொடுப்பவர் ஜெரால்டு. வயது முப்பதுதான் இருக்கும். ஆனாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

ஒரு மாதமாக அவரிடம் கோகிலவாணி வந்துகொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயது. அதுவரை பூப்பந்து மட்டையைக்கூடத் தொட்டதில்லை. அவள் கொண்டுவந்த மார்க்கர் அவள் கணவர் சிவநேசனுடையது. சாயக் குண்டு சுடும் துப்பாக்கியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் அதை ஆசை ஆசையாக வாங்கி, இந்த மாஸ்டரிடமே கற்று, இரண்டு ஞாயிறு ஆடினார். மூன்றாவது வாரம் ஆபீஸ் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மார்க்கரில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று அவர் செல்போனில் குறித்து வைத்திருந்தார். நல்ல குழல். குண்டு சிக்காமல் இறங்கும் ஹாப்பர் டப்பா. லேசாகத் தொட்டாலே சுடும் ட்ரிக்கர். வாரத்துக்கு ஒன்றாகக் கோகிலவாணி எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, சிவநேசன் நினைவாக அவருடைய ஆபீஸ்காரர்கள் ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். அவர் இடத்தில் தானே இறங்குவதாக அவள் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை இருபது குண்டு சுட்டாள். இருபது தப்படி தள்ளி வைத்த தகர டின்னில் ஒன்றுகூடப் படவில்லை.

முகக்கவசத்தைக் கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன.

"இன்னும் என்னத்த மாத்தறதுங்க மாஸ்டர்?"

மாஸ்டர் கொட்டகைக்குள் போய், சாயம் தெறித்துத் தெறித்து நிறம் மங்கிப்போன ஒரு மார்க்கரை எடுத்து வந்தார்.

"இதுல சுட்டுப் பாருங்கக்கா."

"வாடகைக்குக் குடுக்கறதுதானுங்களே இது?"

"ஆமாங்க."

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு சுட்டாள். முதல் குண்டு தப்பியது. இரண்டாவது குண்டு டின்னின் ஓரத்தில் பட்டு மஞ்சளாக வழிந்தது. நான்காவது குண்டு டின்னையே கவிழ்த்தது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

"அப்ப, அவரோடதுல ஏதோ குறைங்களா?"

"ஒரு குறையும் இல்லீங்க. தோள்ல முட்டுக் குடுக்கற பின்கட்டை உங்களுக்கு ரொம்ப நீளம். அஞ்சாவது துளைல நிக்குது. ரெண்டாவதுக்குத் தள்ளிட்டா சரியாப் போயிரும்."

சொல்லிக்கொண்டே சிவநேசனின் மார்க்கரில் பின்கட்டையின் ஆணியைத் தளர்த்தக் கை நீட்டினார். கோகிலவாணி வெடுக்கென்று மார்க்கரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க."

"அது நகரும்னு தெரியுங்களா?"

"மொத நாளே தெரியுங்க."

மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டார். அவள் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள்.

"அவரு சட்டையெல்லாம் கொழுந்தனார் எடுத்துக்கிட்டாருங்க. கை நீளம்னு ஒட்ட மடிச்சுத் தெச்சுட்டாங்க. பைக் கண்ணாடிய என் தம்பி அவனுக்குத் தக்கன திருப்பிக்கிட்டான். ஆபீஸ் நாற்காலியக்கூட யாரோ இறக்கிப் போட்டு உக்காந்திருக்காங்க, நானே பாத்தேன். யாரு மேலயும் தப்பில்லீங்க. பொழங்கறவங்க பொழங்கத்தானே செய்வாங்க."

விரலால் அந்த ஐந்தாவது துளையைத் தடவினாள்.

"அவரு கை எவ்வளவு நீளம்னு காட்டறதுக்கு இது ஒண்ணுதானுங்க மிச்சம். இதையும் நானே மாத்தச் சொல்றீங்களா?"

தோப்பில் எங்கோ ஒரு மட்டை விழுந்தது. மாஸ்டர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மாத்த வேண்டாங்கக்கா. இப்படியே வீட்டுக்குக் கொண்டு போங்க. ஞாயித்துக்கிழமைக்கு இந்த வாடகை மார்க்கர் போதும்."

கோகிலவாணி தலையை ஆட்டி மறுத்தாள்.

"அதை வெச்சு ஆடுனா, அவரே வந்து ஆடுன மாதிரி ஆகாதுங்களே மாஸ்டர்."

மாஸ்டர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எதை வெச்சு ஆடுனாலும் ஆகாதுங்கக்கா."