ஐந்தாம் காலில் ஒரு கம்பி

பேருந்து நிலையத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற சேமலையப்பன், தம்மைவிட இருபது வயது இளையவரான மரகதவல்லியிடம் மின்னணுவியல் கற்றுவந்தார். தாம் செய்த அடைகாப்புப் பெட்டியைப் பார்க்க ஒருநாள் ஆசிரியையை வீட்டுக்கு அழைத்தார்.

பெட்டிக்குள் அறுபது நாட்டுக்கோழி முட்டைகள். மறுநாள் பொரிக்க வேண்டும். சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு. பத்து வினாடிக்கு ஒருமுறை டைமர் ஐ.சி. அதை ஏற்றும். எத்தனை வினாடி எரியும் என்பதை ஒரு குமிழ் தீர்மானிக்கும்.

முந்தைய முறை, காலையில் வைத்த கணக்கே நண்பகல் வெயிலிலும் ஓடியதில் முட்டைகள் வெந்துபோயின. ஒரு குஞ்சும் பொரிக்கவில்லை. இம்முறையும் தவறினால் பெட்டி அடுப்புக்குப் போகும் என்று மனைவி பொன்னாத்தாள் அறிவித்திருந்தார். சொன்னதைச் செய்கிறவர்.

"பத்து வினாடியில எத்தனை வினாடி எரியணுங்க டீச்சர்? சரியான கணக்கு ஒண்ணு சொல்லுங்க." சேமலையப்பன் குறிப்பேட்டைத் திறந்து பேனாவுடன் நின்றார்.

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? உள்ளே இருக்கிறதைக் கேளுங்க."

"முட்டையையா? கேட்டுப் பாத்தாச்சு. வாயே திறக்கலீங்க."

ஆசிரியை சிரிக்கவில்லை. ஐ.சி.யின் எட்டுக் கால்களுள் ஐந்தாவதைக் காட்டினார். "இது எதுக்கு?"

"சும்மா கிடக்கிற காலுங்க. எல்லாரும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரைப் போட்டு அடக்கி வச்சிருவாங்க."

ஆசிரியை அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றினார். அங்கே ஒரு கம்பியைப் பற்றவைத்து, அதன் வழியே மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தினார். பல்பு ஐந்து வினாடி எரிந்தது, பின் ஆறு, ஏழு. தாழ்த்தினார். நான்கு, மூன்று. குமிழை யாரும் தொடவில்லை.

"அட! எரியற நேரம் மாறுது. பத்து வினாடி மட்டும் மாறலீங்களே?"

"அது மாறாது. அதுக்குள்ள பங்குதான் மாறும்."

"அப்ப பெட்டிச் சூட்டையே வோல்டேஜா குடுத்தா..."

வாக்கியத்தை முடிக்காமலே வேலையில் இறங்கினார். சூடேறினால் தடை குறையும் தெர்மிஸ்டரை மேலேயும் ஒரு ரெசிஸ்டரைக் கீழேயும் இணைத்தார். நடுவிலிருந்து ஐந்தாம் காலுக்குக் கம்பி கொடுத்தார். ஆசிரியை பார்த்தார். பெட்டியின் வெப்பமானியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பல்பு ஐந்து வினாடி எரிந்தது. பிறகு ஆறு.

"கேக்குதுங்க டீச்சர்! பெட்டி சொல்றது இதுக்குக் கேக்குது!"

ஏழு. சேமலையப்பன் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆசிரியை வெப்பமானியை. முப்பத்தேழே முக்கால் டிகிரி, முட்டைக்குச் சரியான சூடு. முப்பத்தெட்டேகால். எட்டு வினாடி. முப்பத்தெட்டே முக்கால்.

"ஐயோ, ஏறிக்கிட்டே போகுதே!"

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்தார். ஒரு முட்டையை எடுத்துக் காதருகே பிடித்தார். உள்ளே ஏதோ கொத்திற்று. அதைப் பதமாகத் திரும்ப வைத்தார்.

"சூடானா குறையணுமில்லீங்க? ஏன் இன்னும் எரியுது?"

"வீட்டுல அக்கா குரல் உசந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானும் உசத்துவனுங்க."

"அப்புறம்?"

சமையலறையிலிருந்து பொன்னாத்தாளின் குரல் வந்தது: "அப்புறம் தெருவே கூடிரும். சொல்லுங்களேன்!"

சேமலையப்பன் சர்க்யூட் பலகைமேல் குனிந்தார். பிறகு தெர்மிஸ்டரைக் கழற்றிக் கீழ்ப்பக்கம் இணைத்தார். ரெசிஸ்டரை மேலே மாற்றினார். பெட்டியை மூடிப் பிளக்கைச் செருகினார்.

ஆறியிருந்த பெட்டியில் பல்பு ஏழு வினாடி எரிந்தது. சூடு ஏற ஏற, ஆறு, ஐந்து, நான்கு. மூடியைச் சற்றே திறந்தார், ஐந்துக்குப் போயிற்று. மூடினார், மெல்ல நான்குக்கு இறங்கியது. வெப்பமானி முப்பத்தேழே முக்காலை விட்டு அசையவில்லை.

அவர் மறுபடியும் குறிப்பேட்டைத் திறந்தார்.

"எத்தனைன்னு எழுதட்டுங்க?"

"எதுக்கு எழுதணும்?"

"நேரம் எழுதாம ஒரு வண்டியையும் நான் விட்டதில்லீங்க."

ஆசிரியை செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இது நீங்க விடற வண்டி இல்லீங்கண்ணா."