எழுதாமல் விட்ட பதம்

செண்பகவடிவு பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருமுனை வரை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நசீமாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். கதவையும் அவளே சாத்தினாள்.

முகத்துக்குப் பூசும் க்ரீம் செய்ய அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நசீமா. வயதில் ரொம்பச் சின்னவள். ஆனாலும் செண்பகவடிவுக்கு அவள் டீச்சர்தான்.

"டீ போடவா அக்கா?"

"வேண்டாம் டீச்சர்." மடியில் வைத்த பையை இறக்கவில்லை. "எனக்கு ஒண்ணு தெரியணும். என் பக்குவத்தைக் கம்பெனிக்காரனுக்குச் சொன்னது யாரு?"

எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலக்க செண்பகவடிவு சொந்தமாக ஒரு முறை கண்டுபிடித்து, அதை எழுதிக்கொடுத்து, தனக்கே உரிமை என்று பேட்டன்ட்டும் வாங்கியிருந்தாள். இப்போது ஒரு பெரிய கம்பெனி அதே மாதிரி க்ரீமை விற்கிறது. விரலால் தொட்டதுமே தன் பக்குவம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேஸ் போட்டாள். நாளைக்கு விசாரணை. தோற்றால் அந்த முறை அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

"யார் மேல சந்தேகம்?"

"எங்கிட்ட வேலை பார்க்கிற ராஜகனி மேலதான். முக்கியமான நேரத்துல அவளை வெளியே அனுப்பிடுவேன். ஆனா ஜன்னல் இடுக்கு இருக்கே! வக்கீல் குமாஸ்தா சிரிக்கிற சிரிப்பும் சரியில்லை." கொஞ்சம் தயங்கினாள். "தப்பா நினைக்கக் கூடாது. உங்களையும் சந்தேகப்பட்டேன்."

"பட்டுக்கோங்க." நசீமா சிரித்தாள். "பேட்டன்ட் காகிதம் கையில இருக்கா?"

செண்பகவடிவு பையை இறுக்கிக்கொண்டாள். "எதுக்கு?"

"நீங்களே வாசிங்க. நான் தொட மாட்டேன்."

அவள் வாசிக்க வாசிக்க நசீமா செய்தாள். மெழுகையும் எண்ணெயையும் உருக்கினாள். வெந்நீரை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே கிண்டினாள். வெள்ளையாகத் திரண்டு வந்தது. கை நிற்கவில்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

செண்பகவடிவின் குரல் தடுமாறியது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

சட்டியில் எண்ணெய் மேலே மிதந்தது. கீழே கலங்கல் தண்ணீர்.

"திரிஞ்சுபோச்சே! நடுவுல நிறுத்தணும் டீச்சர்! மாவுப் பதம் வந்ததும் தண்ணியை நிறுத்திட்டு, சூடு தணியற வரைக்கும் சும்மா கிண்டணும். அப்புறம்தான் மிச்சத்தை..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"அது காகிதத்துல எங்கே இருக்கு?"

"எழுதலை."

"ஏன்?"

"எழுதினா நாலு பேர் படிச்சிடுவாங்களே! ஒண்ணு விடாம எழுதுங்கம்மான்னு வக்கீல் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு. எனக்கு அவர் மேலயும் நம்பிக்கை வரலை."

"கம்பெனி என்ன சொல்லுது?"

"நடுவுல நிறுத்துறது எங்க முறை, அந்தம்மா காகிதத்துல அப்படி ஒரு வரியே இல்லைங்குது. நாளைக்கு ஜட்ஜ் கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

நசீமா சட்டியை மூடினாள். துணியால் இறுக்கிக் கட்டி, செண்பகவடிவின் மடியில் இருந்த பையின் மேல் வைத்தாள்.

"காகிதத்துல எழுதி நீங்க பூட்டுப் போட்டு வெச்சது இந்தத் திரிஞ்சதைத்தான் அக்கா. பத்திரமாக் கொண்டு போங்க. இதை யாரும் திருட மாட்டாங்க."