பொதியோடு நின்று தூங்கிய எருது

ஒரு காட்டில் செவலை என்றோர் எருது இருந்தது. காட்டில் இருந்தது என்று சொல்வதுகூடத் தப்பு; அது எப்போதும் வழியில்தான் இருந்தது. அடிவாரத்துக் குரங்குகள் அதன் முதுகில் தினைப் பொதியை ஏற்றிவிடும். மலை உச்சியில் இருக்கும் உறவுக் குரங்குகள் இறக்கிக்கொள்ளும். நடுவில் நாள் கணக்கில் நடை.

செவலைக்கு ஒரு பிடிவாதம். வழியில் பொதியை இறக்கவே இறக்காது. இறக்கினால் மறுபடி ஏற்ற ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதற்குப் பதில் பொதியோடு நின்றபடியே தூங்கிவிடலாம் என்று அது இருந்துவிட்டது. உடம்பு அலுத்தது. பேச ஆளில்லாமல் மனசு அதைவிட அலுத்தது.

ஒருநாள் மலையேற்றத்தில் ஒரு காகம் அதன் முதுகில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, பொதிக்கு அடியில புண்ணு புரையோடிக் கிடக்கு. இறக்கி வையுங்க."

"எருது நோய் காக்கைக்குத் தெரியுமான்னு சும்மாவா சொன்னாங்க? கொத்தத்தானே வந்தே? போ!"

"கொத்துறவன் சொல்லிட்டா கொத்துவான்?"

செவலை வாலை வீசி விரட்டியது. காகம் பக்கத்து மரத்துக்குப் போய், அங்கிருந்தே பார்த்துக்கொண்டு கூட வந்தது.

செங்குத்துப் பாதையில் செவலையின் முன்னங்கால்கள் மடிந்தன. பொதி கழுத்துப் பக்கம் சரிந்து மூச்சை அடைத்தது. இங்கேயே செத்தால் தேடக்கூட நாதியில்லை என்று நினைத்தபோது அதற்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

"காக்கா, யாரையாவது கூப்பிடேன்."

"நான் கத்தினா, எங்கேயோ இரை கிடைச்சிருக்குன்னு காக்காக் கூட்டம்தான் வரும். நாங்க இந்தப் பொதியைத் தூக்க முடியுமா? நீங்களே கூப்பிடுங்க."

செவலையை வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ம்மாஆ!" என்று கத்தியது.

பாறை இடுக்கிலிருந்து ஒரு கரடி ஓடிவந்தது. பொதியைப் புரட்டி இறக்கியது.

"நீயா கத்தினே? உனக்குக் குரல் இருக்கா?"

"இருக்கு அக்கா" என்றது செவலை மெதுவாக.

"இந்தக் குகையில நான் ஒண்டிக்கட்டை. உன் குளம்புச் சத்தம் கேட்கிறப்பல்லாம், நீ இன்னைக்காவது நின்னு ரெண்டு வார்த்தை பேசுவியான்னு வாசலுக்கு வருவேன். நீ திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. திமிர் பிடிச்ச மாடுன்னு நினைச்சேன்."

செவலை தேம்பி அழுதது. இத்தனை காலம் தன்னைப் போலவே ஒருத்தி அந்த வழியில் காத்திருந்தாளே என்று அதற்கு மனசு ஆறவில்லை.

புண் ஆறும்வரை அது கரடியின் குகையில் கிடந்தது. படுத்துத் தூங்கி எத்தனை காலம்! காகம் புண்ணில் மொய்த்த ஈக்களைப் பிடித்துத் தின்றது. பிறகு கரடியே பொதியைத் தூக்கி ஏற்றி அனுப்பியது.

அடுத்த நடையில், குகை வாசல் வந்ததும் செவலை தானாகவே நின்றது. கால் ஒன்றும் மடியவில்லை, மூச்சும் வாங்கவில்லை.

"அக்கா, பொதியைக் கொஞ்சம் இறக்கிவிடு. பேசிட்டுப் போறேன்."

வாய்விட்டு உதவி கேட்பவனுக்குத்தான் நெடுவழியில் துணை கிடைக்கும்.