லவீனா போட்ட காபி

அமெரிக்காவில் கான்சாஸ் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே போதகர் ஹார்லன் சொன்னால் சொன்னதுதான். நகரசபைகூட மறுபேச்சுப் பேசாது. அந்த ஊரில் மார்மன்கள் என்ற வேறொரு கிறிஸ்தவ சபையார் மொத்தமே நாலு குடும்பம். சின்னதாக ஒரு ஜெபக்கூடம் கட்ட அவர்கள் மனுப் போட்டார்கள். விடுவாரா போதகர்? எதிர்மனு எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்க நேராக உணவகத்துக்கு வந்துவிட்டார்.

அங்கே காபி போடுகிற லவீனாவும் மார்மன்தான். அவள் கொண்டுவந்து வைத்த காபியை உறிஞ்சியபடி, அவர் வேண்டுமென்றே அவளிடமே தாளை நீட்டினார்.

“இந்தக் கோப்பை காலியாகிறதுக்குள்ள உங்க சபை நல்ல சபைன்னு நிரூபி பார்ப்போம். தாளை நானே கிழிச்சுப் போடறேன்.”

லவீனா மேஜையைத் துடைத்தபடி கேட்டாள்: “காபி எப்படி இருக்கு ஐயா?”

“அதுக்கென்ன, இந்த ஜில்லாவிலேயே இப்படிக் காபி கிடையாது.”

“நான் பிறந்ததிலிருந்து ஒரு வாய்கூடக் குடிச்சதில்லை. எங்க சபையில காபி கூடாது. குடிக்கிறவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பக்குவம் கத்துக்கிட்டேன். நீங்க எங்க ஆராதனையில ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அது சரியில்லைன்னு எழுதறதுக்கு முன்னாடி யாரைக் கேட்டீங்க?”

மூலையில் ஒரு லாரிக்காரன் குபீரென்று சிரித்தான். அப்புறம் கடையே சிரித்தது. போதகர் காதுமடல் சிவக்கத் தாளை நாலாகக் கிழித்தார்.

“ஞாயிற்றுக்கிழமை உங்க ஆராதனை எத்தனை மணிக்கு?”

“மதியம் ரெண்டு மணிக்கு. வீட்டிலேயே குடிச்சுட்டு வந்துடுங்க ஐயா. அங்கே காபி கிடையாது.”